கல்லு தெரியுது, கழுத்து தெரியலையா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆனா ரெண்டு மூணு வருஷமா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து, கையில கிடைச்ச ரிப்போர்ட்டையெல்லாம் படிச்சுப் படிச்சு வயித்தெரிச்சல் அதிகமாகி எழுதுறது இது. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். கேள்வி மட்டும் கேளுங்க.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல "கல்லு"ன்னா ஒரே கல்லுதான். சிறுநீரகத்துல இருந்தாலும் கல்லு, பித்தப்பையில இருந்தாலும் கல்லு. வைத்தியமும் ஒண்ணுதான், வாழைத்தண்டுச் சாறு. வடகாடு, கீரமங்கலம் பக்கம் வாழைக்கா பஞ்சம்? ஸ்கேன் ரிப்போர்ட்டோட வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு அக்கா தண்டை உரிச்சு வச்சிருப்பாங்க. பாசத்துல குறை சொல்ல முடியாது. ஆனா அந்தச் சாறு குடிச்சா மூத்திரம் நல்லாப் போகும், அவ்வளவுதான். மூத்திரம் போற பாதை வேற, பித்தம் போற பாதை வேற. பித்தப்பை கல்லீரலுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரு சின்னப் பை. கல்லீரல் சுரக்கிற பித்தநீரைப் பிடிச்சு வச்சு, கெட்டியாக்கி, நாம எண்ணெய்ப் பண்டமோ கறியோ சாப்பிட்டா சுருங்கிக் குடலுக்குள்ள பீச்சி விடும். சிறுநீரகத்துக்கும் இதுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாறையும் ராத்திரி குடிக்கச் சொல்லி, காலையில பச்சைப் பச்சையா உருண்டை வந்ததும் "பாத்தியா, கல்லு வந்துருச்சு!"ன்னு வீடியோ போடுற கோஷ்டி. 2005-லேயே லான்செட் மருத்துவ இதழ்ல ரெண்டு பேர் அந்த உருண்டையைப் பரிசோதிச்சு எழுதிட்டாங்க. அது கல்லே இல்ல. குடிச்ச எண்ணெயே வயித்துக்குள்ள சோப்பா மாறி வெளிய வந்தது. சோப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டவங்க எத்தனை பேரோ!

இவங்களைத் திட்டுறது சுலபம். எல்லாரும் திட்டுறாங்க. என் சண்டை வெள்ளைக் கோட்டோட.

பித்தப்பையில கல்லு யாருக்கு வரும்னு மருத்துவக் கல்லூரியில ஒரு மனப்பாடம் உண்டு. பெண், நாற்பது வயசு, பருமன், பிள்ளை பெத்தவங்க. இங்கிலீஷ்ல நாலும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும், அதனால மறக்காது. சரி. இப்ப தைராய்டு குறைவா சுரக்கிற நோய் யாருக்கு அதிகம்? பெண். நாற்பதை ஒட்டிய வயசு. எடை கூடினவங்க. பல பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கும். அட, அதே பொம்பளைதாங்க! ஒரே ஆள் ரெண்டு பாடப்புத்தகத்துலயும் இருக்காங்க. ஆனா சர்ஜரி டிபார்ட்மென்ட்ல அவங்க வயித்தைப் பாக்குறாங்க, மெடிசின் டிபார்ட்மென்ட்ல கழுத்தைப் பாக்குறாங்க. நடுவுல ஒரு வராண்டா இருக்கு. அந்த வராண்டாவைத் தாண்டி ஒரு சீட்டு எழுதி அனுப்ப யாருக்கும் கை வர மாட்டேங்குது.

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. அதுவும் ஒரு வழியில்ல, ரெண்டு வழி.

முதல் வழி கொழுப்பு. பித்தநீர்ல கொலஸ்ட்ரால் கரைஞ்சு இருக்கு. அதைக் கரைச்சு வச்சிருக்கிறது பித்த உப்புகளும் லெசித்தினும். ரசத்துல உப்பு போட்டுக்கிட்டே போனா ஒரு கட்டத்துல கரையாம அடியில நிக்கும்ல, அந்த மாதிரி கொலஸ்ட்ரால் பங்கு கூடிட்டா பித்தநீர்ல முதல்ல படிகம், அப்புறம் சேறு, அப்புறம் கல்லு. தைராய்டு ஹார்மோன்தான் ரத்தத்துல ஓடுற கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கிறதுக்கும், அதைப் பித்த அமிலமா மாத்துறதுக்கும் ஒத்தாசை பண்ற ஆளு. அது குறைஞ்சா ரத்தத்துல கொழுப்பு ஏறும், பித்தநீரோட பக்குவமும் கெடும். தைராய்டு குறைஞ்சவங்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடுறது எந்த டாக்டருக்கும் தெரிஞ்ச சங்கதிதான்.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பித்தக்குழாய் குடல்ல சேருற இடத்துல ஒரு வளையத் தசை இருக்கு. 1887-ல ருகெரோ ஓடி என்ற இத்தாலிக்காரர், அப்ப மருத்துவ மாணவர், அதை விவரிச்சு எழுதினார். அவர் பேர்லேயே ஓடி தசைன்னு சொல்றாங்க (ஓடுற தசை இல்லீங்கோ!). அது ஒரு மதகு மாதிரி. நெகிழ்ந்தா பித்தநீர் குடலுக்குப் போகும், இறுகுனா பின்னாடி தேங்கும். பின்லாந்துல டாம்பரே நகரத்து ஆய்வாளர்கள் இந்தத் தசைத் துண்டை எடுத்து வச்சு, தைராக்சின் பட்டா அது நெகிழுதுன்னு காட்டினாங்க. அப்ப தைராக்சின் குறைஞ்சா? மதகு சரியாத் திறக்காது. தேங்குன கண்மாயில பாசி பிடிக்கிறது நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லித் தரணுமா என்ன. அதே குழு 2007-ல இன்னொண்ணும் எழுதினாங்க. பித்தக்குழாய்ல கல்லு வந்தவங்களைப் பரிசோதிச்சா, வெளிய அறிகுறியே இல்லாத லேசான தைராய்டு குறைவு மத்தவங்களைவிட அவங்ககிட்ட அதிகமா இருந்துச்சு. அதாவது அவங்களுக்கே தெரியாம இருந்த தைராய்டு குறைவு.

இப்ப ஒரு கெட்டிக்காரர் எந்திரிச்சு, "தம்பி, ரெண்டு நோயுமே நாற்பது வயசுப் பெண்களுக்கு வர்றது. ரெண்டும் ஒண்ணா இருக்கிறது தற்செயல்"ம்பார். நல்ல கேள்வி. பதில் ஜெர்மனியில பொமரேனியா பகுதியில இருந்து வருது. 2005-ல வெளியான ஆய்வு. அங்க ஊர் மக்களைப் பொதுவா எடுத்துப் பரிசோதிச்சாங்க. பெண்கள்ல தைராய்டுக்கும் கல்லுக்கும் தொடர்பு தெரியல. ஆண்கள்ல டி.எஸ்.ஹெச் கூடினவங்களுக்குக் கல்லும் கூட இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், பிரசவம்னு கல்லு வர ஏற்கனவே பல காரணம். அந்த இரைச்சல்ல தைராய்டோட சத்தம் கேக்காது. ஆம்பளைக்கு அந்த இரைச்சல் இல்ல, அதனால கேட்டுச்சு. இது என்னோட கணக்கு. ஆனா "நாற்பது வயசுப் பெண்" தற்செயல்னு சொல்றவர், ஆம்பளைகிட்ட ஏன் தொடர்பு தெரிஞ்சுதுன்னும் சொல்லிட்டுத்தான் உக்காரணும்.

இன்னொரு ஆட்சேபம், இது கொஞ்சம் கனமானது. தெக்கத்திக் கல்லு வேற, வடக்கத்திக் கல்லு வேற. 1968-ல டாக்டர் மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களை வச்சுக் கணக்குப் பார்த்து, பித்தப்பைக் கல்லு தெற்கைவிட வடக்கே 7 மடங்கு அதிகம்னு எழுதினார். கல்லோட ரகமும் வேற. வடக்கே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல்லு. நம்ம பக்கம் கறுப்பும் பழுப்புமா நிறமிக் கல்லு, கலப்புக் கல்லுதான் அதிகம். அப்ப கொலஸ்ட்ரால் கதை இங்க பாதிதான் பொருந்தும்னு ஒருத்தர் சொன்னா, ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டாவது வழி இருக்கே, மதகு? பித்தநீர் தேங்குறது எந்த ரகக் கல்லுக்கும் வசதிதான். நிறமிக் கல்லுக்கும் தேக்கம் வேணும். அதனால நம்ம ஊருக்கு அந்தப் பின்லாந்து ஆய்வுதான் அதிகமாப் பொருந்தும்னு தோணுது. இதை இங்கேயே ஆராயலாமே? 2017-ல புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. முன்ன மாதிரி எதுக்கெடுத்தாலும் தஞ்சாவூர் மெடிக்கல், திருச்சி பெரியாஸ்பத்திரின்னு பஸ் ஏற வேண்டியதில்ல. கல்லு எடுக்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொட்டு ரத்தம் கூட எடுத்து டி.எஸ்.ஹெச் பார்த்து எழுதி வச்சா, ரெண்டு வருஷத்துல நமக்குன்னு ஒரு கணக்கு கிடைக்கும். பட்ட மேற்படிப்பு மாணவர் யாராவது இதைப் படிச்சா, தலைப்பு இலவசம், எடுத்துக்கங்க :)

இப்ப எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு சொல்லிடறேன்.

எங்க சித்தி கீரமங்கலம் பக்கம். ஆடி மாசம் அந்தப் பக்கம் மொய் விருந்து தெரியும்ல. பந்தல் போட்டு, பத்து இருபது பேர் சேர்ந்து பத்திரிகை அடிச்சு, கிடாக்கறிச் சோறு. ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் நோட்டுல மொய் எழுதுறது. 2014 ஆடியில ஒரு விருந்து சாப்பிட்டு வந்த ராத்திரிதான் சித்திக்கு முதல் தடவை வலி. வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு முதுகு வழியா தோள்பட்டைக்கு ஏறுச்சு. "கறி ஒத்துக்கல, வாயு"ன்னு சோடா, ஓமத்தண்ணி, ரெண்டு செரிமான மாத்திரை. அடுத்த விருந்துக்கு அடுத்த வலி. ரெண்டு வருஷம் இப்படியே வாயுவாவே ஓடுச்சு.

அந்த ரெண்டு வருஷமும் சித்தி எப்படி இருந்தாங்கன்னு சொல்றேன். பங்குனி வெயில்ல போர்த்திக்கிட்டுப் படுப்பாங்க. முடி கொட்டி, முகம் ஊதி, குரல் கட்டிப் போச்சு. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்கிப் போவாங்க. பூப்பறிக்கப் போனா முதல் ஆளா நிக்கிறவங்க, பத்து மணிக்கு வரப்புல உக்காந்துடுவாங்க. சித்தப்பா சொன்னது, "சோம்பேறித்தனம். வயசாகுதுல்ல." எல்லாரும் சேர்ந்து ஆமா போட்டாங்க. வயசு 46.

2016-ல ஸ்கேன்ல கல்லு தெரிஞ்சுது. வேற ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பையை எடுக்கணும்னாங்க. வலி வந்த கல்லு, எடுக்கத்தான் வேணும், அதுல எனக்கு ஆட்சேபமே இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதிக் குடுத்த டெஸ்ட் பட்டியல் இப்பவும் எங்கிட்ட இருக்கு. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், ஈ.சி.ஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சக்காமாலைக்கு, எச்.ஐ.விக்கு, ரத்தம் உறையுற நேரம்... முழ நீளம். டி.எஸ்.ஹெச் மட்டும் இல்ல. ஊதுன முகம் கண்ணு முன்னாடி இருக்கு, கட்டுன குரல் காதுல விழுது. யாரும் கழுத்தைத் தொட்டுக்கூடப் பாக்கல. செலவுக்குப் பணம் அந்த வருஷம் சித்தப்பா வச்ச மொய் விருந்துல வந்தது. மொய்ப் பணம்னா தெரியுமில்ல, வட்டியில்லாத கடன். நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்யணும்.

2019-ல கண்ணு மஞ்சளாச்சு, குளிர் காய்ச்சல். "பையைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எங்கருந்துப்பா கல்லு?"ன்னு சித்தி என்கிட்ட கேட்டாங்க. பையை எடுத்தாலும் குழாய் இருக்கே, குழாய்ல கல்லு. வாய் வழியா குழாய் விட்டு அந்த மதகை லேசா வெட்டிக் கல்லை எடுத்தாங்க. ஈ.ஆர்.சி.பின்னு பேரு. அங்க ராத்திரி டியூட்டியில இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, சித்தி பேசுறதைக் கேட்டுட்டு, "அம்மா, உங்க குரல் எப்பவும் இப்படித்தானா?"ன்னு கேட்டாங்க. அஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் கேட்ட கேள்வி. டி.எஸ்.ஹெச் எடுத்தா 58. நாலு, நாலரைக்குள்ள இருக்க வேண்டியது!

தைராய்டாலதான் சித்திக்குக் கல்லு வந்துச்சுன்னு நான் கோர்ட்ல சத்தியம் பண்ண மாட்டேன். ஒருத்தரை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. ஆனா வருஷக்கணக்கா தைராய்டு குறைஞ்ச உடம்பை யாரும் கவனிக்காம மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சாங்களே, அதுக்கு என்ன பதில்? தைராய்டு ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு மயக்கம் தெளியறது தாமதமாகலாம், மூச்சும் இதயமும் மந்தமாகலாம், சில சமயம் உசுருக்கே ஆபத்தாகலாம்னு மயக்க மருந்துப் புத்தகத்துலேயே இருக்கு. அவசரமில்லாத ஆபரேஷன்னா முதல்ல தைராய்டைச் சரி பண்ணிட்டுத்தான் கத்தி எடுக்கணும். சித்தி பொழைச்சது அதிர்ஷ்டம்.

"எல்லாருக்கும் டி.எஸ்.ஹெச் எழுதச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் கட்டாயப்படுத்தல"ன்னு டாக்டர்கள் சொல்றாங்க. சரி. ஆனா முகம் ஊதி, குரல் கட்டி, மலச்சிக்கலோட நிக்கிற ஆளுக்கு எழுதச் சொல்ல வழிகாட்டுதல் எதுக்கு, கண்ணு போதாதா? செலவு சில நூறு ரூபாய். "எழுதினா லேப் கமிஷன்னு நீங்கதான் பேசுவீங்க"ன்னு ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். அய்யா, முழ நீளப் பட்டியல்ல வராத கமிஷன் இந்த ஒரு வரியிலயா வந்துடப் போகுது?

2013-ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சென்னை உட்பட 8 நகரங்கள், 5,000 பேருக்கு மேல. அதுல கிட்டத்தட்ட நூத்துக்கு 11 பேருக்கு தைராய்டு குறைவு. ஒரு பந்தி இலையில உக்கார்ற பத்துப் பேர்ல ஒருத்தர். 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பாத்து மாத்திரை குடுக்குறாங்க. உண்மையாவே நல்ல திட்டம். வாசல் வரைக்கும் வந்த நர்ஸம்மா, "குளிருதா? குரல் மாறியிருக்கா? மலச்சிக்கலா?"ன்னு மூணு கேள்வி சேர்த்துக் கேட்டா என்ன குறைஞ்சு போகும்? முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊருங்க இது. பொம்பளை சோர்வா இருக்கான்னா சோம்பேறின்னு எழுதி மூடிடறது இந்த ஊருக்கே அசிங்கம்.

கதை இங்க முடியல. மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல சித்தி பூப்பறிக்கப் போக ஆரம்பிச்சாங்க. அப்ப வாட்ஸப்புல ஒரு மகராசன், "தைராய்டு மாத்திரை சாப்பிட்டா பித்தப்பையில கல்லு வரும், உடனே நிறுத்துங்க"ன்னு பேசி அனுப்பினார். அவர் வித்தது ஏதோ ஒரு பொடி. சித்தி யார்கிட்டயும் சொல்லாம மூணு மாசம் நிறுத்திட்டாங்க. மறுபடி முகம் ஊதி, மறுபடி போர்வை.

உண்மை தலைகீழ். அந்த மாத்திரையில இருக்கிறது உங்க கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே தைராக்சின்தான். இல்லாததை ஈடுகட்டுது. அதே நேரம், இந்த மாத்திரை சாப்பிட்டா இருக்கிற கல்லு கரைஞ்சிடும்னு யாராச்சும் சொன்னா அதையும் நம்பாதீங்க. உறைஞ்ச கல்லு உறைஞ்சதுதான். வலி வந்தா சர்ஜன்கிட்டதான் போகணும். வலியே இல்லாம ஸ்கேன்ல தற்செயலாத் தெரிஞ்ச கல்லுன்னா பெரும்பாலும் சும்மா விடலாம். காய்ச்சலோ கண்ணு மஞ்சளோ வந்தா அன்னைக்கே கிளம்பணும், வாழைத்தண்டுக்கு நேரமில்ல.

மாத்திரை போடுறதுலயும் நம்மாளுங்க கூத்துதான். காலையில வெறும் வயித்துல தண்ணியில போட்டு அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நம்ம வீட்டுல பல்லு விளக்குற முன்னாடி டீ. சித்தி டீயிலேயே மாத்திரையை முழுங்கிட்டிருந்தாங்க! இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளிப் போடணும். சேர்த்துப் போட்டா தைராக்சின் உடம்புல சரியா ஏறாது. "மாத்திரை போட்டும் குறையல"ன்னு புலம்புறவங்க முதல்ல டீ டம்ளரைப் பாருங்க.

பி.கு: "நாங்க மீன் திங்கிற ஊரு, எங்களுக்கு எப்படி தைராய்டு வரும்?"னு ஜெகதாப்பட்டினத்து நண்பர் ஒருத்தர் போன்ல சிரிச்சார். அயோடின் குறைஞ்சாதான் தைராய்டு கெடும்ங்கிற பழைய கணக்கு அது. 2006 மே 17 முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கிறது நாடு முழுக்கத் தடை. அதுக்கு அப்புறம் நடந்த அந்த எட்டு நகர ஆய்வுலதான் நூத்துக்கு 11. அதுல கடலோர நகரங்கள்ல 9.5, உள்நாட்டு நகரங்கள்ல 11.7. அவ்வளவுதான் வித்தியாசம். பல பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குறதுதான் காரணம், அதுக்கு மீன் ஜாமீன் குடுக்காது. நண்பரோட மனைவிக்கு போன மாசம் ஸ்கேன்ல கல்லு. டி.எஸ்.ஹெச் எழுதச் சொல்லிக் கேட்டுட்டுதான் வருவேன்னு நேத்து கிளம்பிப் போயிருக்கார்.